தந்தை செல்வாவும் திருமலை மாநாடுகளும்

அவையிலே இடியென முழங்கும் நாவலரே அரசியற் கட்சிகளைக் கட்டி வளர்ப்பர் என்பது நம்மவர் பலரது எண்ணம். வள்ளுவப் பெருந்தகையும் சொல்வன்மைக்கு ஓர் அதிகாரமும் அவையஞ்சாமைக்கு ஓர் அதிகாரமும் வகுத்திருத்தலின், அவ்வெண்ணம் தமிழ் மரபுக்குப் புறம்பானதன்று. ஆயினும், ஈழத் தமிழர் அரசியலிலே நீண்ட காலம் நிலைத்து நின்ற கட்சியைத் தோற்றுவித்தவர், மேடையிலே ஏறினால் முன்வரிசையில் இருப்போரும் செவியைக் கூர்மையாக்கிக் கேட்க வேண்டிய மெல்லிய குரலினர். முதுமையிலே நடுக்க நோயும் செவிப்புலக் குறைவும் அவரை வருத்தின. அருகிருந்தோர் அவர் சொல்லைக் கேட்டு அவைக்கு எடுத்துரைக்கும் நிலையும் வந்தது. அவரே தந்தை செல்வா எனத் தமிழுலகம் அன்போடு அழைக்கும் சாமுவேல் ஜேம்ஸ் வேலுப்பிள்ளை செல்வநாயகம்.

அப்பெருமகனின் வரலாற்றை யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதியோர் பலர். நான் திருகோணமலையில் வாழும் ஒரு தமிழாசிரியன். இந்நகரிலிருந்து நோக்கும்போது அவ்வரலாறு வேறொரு முகத்தோடு தோன்றுகின்றது. அவர் வாழ்வின் பெரும் திருப்பங்கள் பல இத்துறைமுக நகரோடு பிணைந்தவை. மேலும், கட்சி என்பது யாது, அது எவ்வாறு இயங்குகின்றது, சிறிய கட்சியொன்று பெரிய கட்சிகளுக்கிடையே எவ்வாறு வாழ்கின்றது என்று வினவும் உயர்தர வகுப்பு மாணாக்கருக்குப் பாடநூல் வரைவிலக்கணங்களிலும் அவரது வாழ்க்கையே தெளிவான விடையாகும் என்பது என் கருத்து.

இளமையும் கல்வியும்

செல்வநாயகம் 1898 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 31 ஆம் நாள் மலாயா நாட்டின் ஈப்போ நகரிற் பிறந்தார். பிழைப்பு நாடி மலாயா சென்ற யாழ்ப்பாணத்துக் குடும்பங்களுள் அவர் குடும்பமும் ஒன்று. நான்கு வயதளவில் தாயாருடன் ஊர் திரும்பித் தெல்லிப்பழையில் வளர்ந்தார். தெல்லிப்பழை யூனியன் கல்லூரி, யாழ்ப்பாணம் பரியோவான் கல்லூரி, கொழும்பு பரி. தோமாவின் கல்லூரி ஆகியவற்றிற் கற்று, இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரி மாணவராக 1918 இல் பெற்றார். சில காலம் ஆசிரியராகப் பணியாற்றி, பின்னர்ச் சட்டம் பயின்று அப்புக்காத்தானார். நிலம், உரிமை, பத்திரம் சார்ந்த சிவில் வழக்குகளிலே அவர் பெயர் பெற்றார். எதிரியை ஏசாது, ஆவணத்தை வரி வரியாக ஆய்ந்து வாதிடும் அப்பழக்கமே பின்னர் அவருடைய அரசியல் முறையும் ஆயிற்று.

அவர் கிறித்தவர், அவருக்கு வாக்களித்தோரிற் பெரும்பாலோர் சைவர். எனினும், தம் சமயத்தை அவர் மறைத்ததுமில்லை. மக்கள் அதைக் குறையாகக் கொண்டதுமில்லை.

பிரிவும் பிறப்பும்

1944 இல் திரு. ஜீ. ஜீ. பொன்னம்பலம் அவர்களின் தலைமையில் அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரசு தோன்றியபோது செல்வநாயகம் அதன் முன்னணியில் நின்றார். 1947 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிற் காங்கேசன்துறைத் தொகுதியில் வென்று பாராளுமன்றம் புகுந்தார். அத்தேர்தலிற் காங்கிரசு ஏழு இடங்களைப் பெற்றது. தெரிவு செய்யப்படும் உறுப்பினர் தொண்ணூற்றைவர் கொண்ட சபையிலே ஐக்கிய தேசியக் கட்சிக்குக் கிடைத்தவை நாற்பத்திரண்டு.

அடுத்த ஆண்டே பெருஞ் சோதனை வந்தது. 1948 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் மலையகத் தமிழரிற் பெரும்பகுதியினரைக் குடியுரிமையும் வாக்குரிமையும் அற்றோராக்கின. அவ்வாண்டிலேயே பொன்னம்பலம் அவர்கள் அமைச்சரவையிற் சேர்ந்தார். ஆளுவோருடன் சேர்ந்து நின்றே தம் மக்களுக்கு ஆவன செய்யலாம் என்பது அவர் கொள்கை. காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை முதலியவை அமைச்சராக அவர் புரிந்த பணிகளுக்குச் சான்றாக உள்ளன. செல்வநாயகம் வேறாக எண்ணினார். தோட்டத் தொழிலாளரை இன்று கைவிட்டால், அவ்வழக்கு நாளை நம் வாயிலுக்கும் வரும் என்பது அவரது வாதம்.

ஒரு கட்சி பிளவுபடும்போது பதவியையும் பகையையும் காரணமாகக் காண்பது எளிது. இப்பிளவிற்கோ கொள்கை வேறுபாடே அடிப்படை: சிறுபான்மைக் கட்சி ஆட்சியிற் பங்குகொண்டு பயன் பெறுவதா, புறத்தே நின்று உரிமை கேட்பதா என்பதே அவ்வேறுபாடு. கோப்பாய் உறுப்பினர் கு. வன்னியசிங்கம், செனற்றர் டாக்டர் நாகநாதன் ஆகியோருடன் சேர்ந்து, 1949 ஆம் ஆண்டு திசெம்பர் மாதம் 18 ஆம் நாள் கொழும்பு மருதானையில் இலங்கைத் தமிழரசுக் கட்சியைச் செல்வநாயகம் தொடக்கி வைத்தார். சமஷ்டி ஆட்சியே அதன் குறிக்கோள். பண்டாரநாயக்கா அவர்கள் தம் இளமையில், 1926 இல், இலங்கைக்குச் சமஷ்டியே ஏற்றது என வாதிட்டவர் என்பது ஈண்டு நினைவிற் கொள்ளத் தக்கது.

திருமலை தந்த முதல் இடம்

கட்சியின் முதலாவது தேசிய மாநாடு எங்கே கூடியது? தலைவரின் ஊராகிய தெல்லிப்பழையிலும் அன்று. யாழ்ப்பாண நகரிலும் அன்று. 1951 ஆம் ஆண்டு ஏப்ரலில் அது திருகோணமலையிற் கூடியது. இலங்கையிலே தமிழ் பேசும் மக்கள் தனியொரு தேசிய இனத்தவர் என்னும் தீர்மானம் இந்நகரிலேயே நிறைவேறிற்று. இத்தேர்வு தற்செயலானதன்று. கிழக்கையும் வடக்கையும் இணைக்கும் கணுவாக இருப்பது திருமலை. தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்தாரும் வாழும் மாவட்டம் இது. கந்தளாய், அல்லை முதலிய குடியேற்றத் திட்டங்கள் இங்கே உருவாகி வந்தன. 1946 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பில் இம்மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கினராக இருந்த சிங்கள மக்கள், 1981 ஆம் ஆண்டு மதிப்பிலே மூன்றில் ஒரு பங்கினர் ஆயினர். 1977 இலே சேருவில என்னும் புதிய தேர்தல் தொகுதியும் இங்குத் தோன்றியது. நிலமும் தொகுதி எல்லையும் வாக்கும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதைத் திருமலை மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

1952 ஆம் ஆண்டுத் தேர்தல் புதிய கட்சிக்குப் பேரிடியாயிற்று. காங்கேசன்துறையிற் செல்வநாயகமே ஐக்கிய தேசியக் கட்சியின் சு. நடேசன் அவர்களிடம் தோற்றார். கட்சிக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள்: ஒன்று வன்னியசிங்கத்தின் கோப்பாய், மற்றொன்று என். ஆர். இராஜவரோதயம் வென்ற திருகோணமலை. தலைவரே தோற்ற வேளையிற் கட்சிக்குக் கிழக்கிலே ஒரு காலை ஊன்றி வைத்தது நம் நகரம். அன்று திருமலையும் கைவிட்டிருப்பின், தமிழரசுக் கட்சி வடபகுதியிலே ஒரு தொகுதியின் சிறு குழுவாக ஒடுங்கியிருக்கும்.

தோல்வியின் பின் செல்வநாயகம் சோர்ந்து வீட்டிலிருக்கவில்லை. ஊர்தோறும் கிளை அமைப்பதிலே கருத்தைச் செலுத்தினார். கட்சித் தலைமைப் பதவியைத் தமக்கே உரிய முதுசமாகவும் அவர் கொள்ளவில்லை. வன்னியசிங்கமும் இராஜவரோதயமும் பின்னர் இராசமாணிக்கமும் அவ்வாசனத்தில் அமர்ந்தனர். ஆசனம் மாறினும் மக்கள் அவரையே தலைவராகக் கொண்டனர். பதவியினால் வரும் தலைமை வேறு. நம்பிக்கையினால் வரும் தலைமை வேறு.

ஏலம் கேட்ட இரு கட்சிகள்

1951 இலே பண்டாரநாயக்கா ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியைத் தொடங்கியபோது, சிங்களமும் தமிழும் ஆட்சிமொழிகள் என்பதே அதன் கொள்கை. ஐக்கிய தேசியக் கட்சியும் அவ்வாறே கூறி வந்தது. 1955 இன் இறுதியில் முன்னது சிங்களம் மட்டும் என மாறியது. 1956 பெப்ரவரியிற் களனி மாநாட்டில் பின்னதும் அவ்வழியே சென்றது. ஏலக்கூடத்திலே ஒருவர் விலையை ஏற்ற மற்றவரும் ஏற்றுவது போன்ற போட்டி இது. இரு பெரிய கட்சிகள் ஒரே மக்கட் கூட்டத்தின் வாக்குகளுக்காகப் போட்டியிடும்போது, அக்கூட்டத்திற்கு வெளியே நிற்போரின் நலன் அவ்வேலத்திலே விலைபொருளாகி விடுகின்றது.

1956 ஆம் ஆண்டுத் தேர்தலிற் பண்டாரநாயக்காவின் கூட்டணி வென்றது. தமிழரசுக் கட்சி பத்து இடங்களைப் பெற்றது. தொகுதிவாரித் தேர்தல் முறையின் விந்தை ஒன்றை ஈண்டு காணலாம். நாடெங்கும் நூற்றுக்கு இருபத்தேழு அளவில் வாக்குப் பெற்ற ஐக்கிய தேசியக் கட்சிக்கு எட்டு இடங்களே கிடைத்தன; ஐந்து வீத அளவே பெற்ற தமிழரசுக் கட்சிக்குப் பத்துக் கிடைத்தன. பரந்து சிதறிய வாக்கு வீணாகும். ஓரிடத்தே திரண்ட வாக்குப் பலன் தரும். அப்பத்தினுள்ளே கல்முனையும் பொத்துவிலும் முஸ்லிம் வேட்பாளரால் வெல்லப்பட்டவை. தமிழ் பேசும் மக்கள் என்னும் சொற்றொடரைக் கட்சி கையாண்டது முஸ்லிம்களையும் உளப்படுத்தியே. ஆயினும் அவ்விருவரும் பின்னர் அரசாங்கப் பக்கஞ் சேர்ந்தனர். முஸ்லிம் மக்களின் தனி நலன்களுக்குத் தன் அமைப்பிலே போதிய இடத்தைக் கட்சி வகுக்கவில்லை என்பதே இதற்கு நான் காணும் காரணம்.

அவ்வாண்டு சூன் மாதம் தனிச் சிங்களச் சட்டம் சபைக்கு வந்தது. காலிமுகத் திடலிலே சத்தியாக்கிரகம் இருந்தோர் தாக்கப்பட்டனர். ஆகத்து மாதம் வடக்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் தொண்டர் அணியணியாகக் கால்நடையாய்த் திருமலை நோக்கி யாத்திரை வந்தனர். 19 ஆம் நாள் இங்குக் கூடிய மாநாடு நான்கு கோரிக்கைகளை வகுத்தது: சமஷ்டி அரசியலமைப்பு, தமிழுக்குச் சம உரிமை, மலையகத் தமிழருக்குக் குடியுரிமை, தமிழ்ப் பகுதிகளில் அரசின் திட்டமிட்ட குடியேற்றத்தை நிறுத்தல். ஓராண்டுத் தவணையும் இடப்பட்டது. கோரிக்கை, தவணை, தவறின் அறப்போர் என வழக்கறிஞர் அனுப்பும் அறிவித்தல் போல அத்தீர்மானம் அமைந்தது.

ஒப்பந்தமும் கிழிவும்

தவணை முடியுமுன், 1957 சூலை 26 ஆம் நாள், பண்டாரநாயக்கா-செல்வநாயகம் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. செல்வநாயகம் சமஷ்டியைப் பெறவில்லை; பிரதேச சபைகளைப் பெற்றார். வடமாகாணம் ஒரு பிரதேசமாகவும் கிழக்கு இரண்டு அல்லது மேற்பட்ட பிரதேசங்களாகவும் அமையும். விரும்பின் அவை மாகாண எல்லை கடந்தும் இணையலாம். விவசாயம், கல்வி, நிலம், குடியேற்றம் முதலிய அதிகாரங்கள் அச்சபைகளுக்கு உரியன. முழுமையும் கிடையாதவிடத்துக் கிடைத்ததைப் பற்றிக்கொண்டு, கொள்கையைக் கைவிடாது நிற்றல் அவர் முறை.

ஒப்பந்தத்தை எதிர்க்கட்சியாகிய ஐக்கிய தேசியக் கட்சி எதிர்த்தது. ஜே. ஆர். ஜயவர்த்தனா கண்டிக்கு யாத்திரை புறப்பட்டார். 1958 ஏப்ரலிற் பிக்குமார் பிரதமரின் இல்லத்தின் முன் அமர்ந்தபோது, பண்டாரநாயக்கா ஒப்பந்தத்தைக் கைவிட்டார். அடுத்த மாதம் இனக்கலவரம் மூண்டது. தமிழரசுக் கட்சி தடைசெய்யப்பட்டது. தலைவர்கள் காவலில் வைக்கப்பட்டனர்.

எண்ணிக்கையின் வலிமையும் வறுமையும்

1960 மார்ச்சுத் தேர்தலில் எக்கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை இல்லை. ஐக்கிய தேசியக் கட்சிக்கு ஐம்பது. சுதந்திரக் கட்சிக்கு நாற்பத்தாறு. தமிழரசுக் கட்சிக்குப் பதினைந்து. ஆட்சியைத் தராசென்று கொள்ளின், அதன் முள் செல்வநாயகத்தின் கையில் இருந்தது. தம் குறைந்தபட்சக் கோரிக்கைகளை டட்லி சேனாநாயக்கா ஏற்காமையால், சிம்மாசனப் பேச்சு வாக்கெடுப்பிலே தமிழரசுக் கட்சி எதிர்த்து வாக்களித்தது. அரசு வீழ்ந்தது. சுதந்திரக் கட்சியிடம் உறுதி பெற்றே அவர் அவ்வாறு செய்தார். ஆனால் மகாதேசாதிபதி அக்கட்சியை ஆட்சியமைக்க அழையாது பாராளுமன்றத்தைக் கலைத்து விட்டார்.

சூலையிலே மீண்டும் தேர்தல். சுதந்திரக் கட்சி எழுபத்தைந்து இடங்களை வென்றது. சிறிமாவோ பண்டாரநாயக்கா பிரதமரானார். தமிழரசுக் கட்சியோ பதினாறாக உயர்ந்திருந்தது. இடம் ஒன்று கூடியது. வலிமையோ முற்றும் குன்றியது. சிறு கட்சியின் மதிப்பு தன் எண்ணிக்கையில் இல்லை. பெரிய கட்சிகளின் குறைவிலேயே உள்ளது என்பதை இவ்விரு தேர்தல்களும் நான்கே மாதத்திற் காட்டின. மார்ச்சில் வேண்டப்பட்டோர் சூலையில் வேண்டப்படாதோர் ஆயினர். முன்னைய உறுதிகளும் காற்றிற் கரைந்தன.

ஆட்சிமொழிச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, 1961 பெப்ரவரி 20 ஆம் நாள் யாழ்ப்பாணக் கச்சேரி முன் சத்தியாக்கிரகம் தொடங்கியது. அது மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் பிற நகரங்களுக்கும் பரந்தது. நம் நகரின் கச்சேரி வாயிலிலும் மக்கள் அமர்ந்தனர். ஏப்ரலிலே அவசரகால நிலை பிரகடனமாயிற்று. செல்வநாயகமும் தோழரும் பனாகொடை முகாமிற் காவலில் வைக்கப்பட்டனர்.

கோணேசர் கோயில் முற்றத்திலே

1965 இல் மீண்டும் தராசு முள் அவர் கைக்கு வந்தது. மார்ச்சு 24 ஆம் நாள் டட்லி சேனாநாயக்காவுடன் உடன்படிக்கை செய்தார். தமிழ்மொழிப் பயன்பாட்டிற்கு ஒழுங்குவிதிகள், மாவட்ட சபைகள், வடகிழக்குக் காணிகளை வழங்குவதிலே முதலில் அவ்வம் மாவட்டத்தின் நிலமற்றோருக்கும் அடுத்து வடகிழக்கின் தமிழ் பேசுவோருக்கும் முன்னுரிமை என்பன அதன் கூறுகள். செனற்றர் மு. திருச்செல்வம் உள்ளூராட்சி அமைச்சரானார். செல்வநாயகமோ பதவி ஏற்கவில்லை. பதினேழு ஆண்டுகளின் முன் பொன்னம்பலத்தை விட்டு அவர் பிரிந்தமைக்குக் காரணமான வினா இப்போது அவர் முன்னும் நின்றது. கட்சியை அரசிலே சேர்த்து, தாம் புறத்தே நிற்றல் என்பது அவர் கண்ட விடை. அது முழுமையான விடையென நான் கொள்ளவில்லை. ஆயினும், அரசியலில் முப்பது ஆண்டு இருந்தும் அமைச்சர் நாற்காலியை நாடாதவர் என்னும் பெருமை அவர்க்கே உரியது.

1957 இல் ஐக்கிய தேசியக் கட்சி செய்ததை, 1966 இலே சுதந்திரக் கட்சியும் அதன் இடதுசாரித் தோழரும் செய்தனர். தமிழ்மொழி ஒழுங்குவிதிகள் சபைக்கு வந்த நாளிலே கொழும்பில் ஆர்ப்பாட்டம் எழுந்தது. 1968 இல் மாவட்ட சபைத் திட்டம் கைவிடப்பட்டது. இரு உடன்படிக்கைகளும் ஒரே வழியில் இறந்தன. ஆளுங்கட்சித் தலைவர் ஒப்பமிடுவார், எதிர்க்கட்சி அதனை நாட்டைப் பிரிக்கும் சதியென்று கூறும், ஆளுங்கட்சியின் பின்வரிசையினர் தம் தொகுதிக்கு அஞ்சுவர், தலைவர் பின்வாங்குவார். இதனைத் தனி மனிதரின் வஞ்சகமாக மாத்திரம் கொள்வோர் பாதி உண்மையையே காண்பர். மற்றைப் பாதி கட்சிமுறையின் அமைப்பிலே உள்ளது. செல்வநாயகம் ஒருவரோடு உடன்படிக்கை செய்தார். இருவரையும் ஒருங்கே அமர்த்தி ஒப்பமிடுவிக்கும் வாய்ப்பு அவர்க்குக் கிடைக்கவே இல்லை.

இறுதி முறிவு நம் கண்ணெதிரே உள்ள மலையிலே நேர்ந்தது. திருக்கோணேசுவரம் அமைந்த கோட்டைப் பகுதியைப் புனித நகராக்குவது பற்றி ஆராயத் திருச்செல்வம் ஒரு குழுவை அமைத்தார். பௌத்த பிக்கு ஒருவர் எதிர்ப்புத் தெரிவிக்கவே, பிரதமர் தம் அமைச்சரின் குழுவைக் கலைத்தார். திருச்செல்வம் 1968 இற் பதவி துறந்தார். தமிழரசுக் கட்சியும் அரசை விட்டு நீங்கியது. ஞானசம்பந்தர் பாடிய தலத்தின் பொருட்டு, ஒரு கிறித்தவர் தலைமை தாங்கிய கட்சி அரசைத் துறந்தது என்பது எண்ணி மகிழத் தக்க செய்தியாகும்.

மீண்டும் திருமலை

1970 ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனத்திலே, நாட்டைப் பிரிப்பது எவர்க்கும் நன்மை தராது என்று தமிழரசுக் கட்சி கூறியது. பிரிவினை பேசியோரை மக்களும் ஏற்கவில்லை. ஆனால் அத்தேர்தலில் ஐக்கிய முன்னணி 151 இடங்களில் 116 ஐப் பற்றியது. மூன்றிலிரண்டுக்கு மேற்பட்ட அப்பெரும்பான்மை மக்களின் ஒருமித்த தீர்ப்புப் போலத் தோன்றினும், தனித்தனியே பார்ப்பின் ஐக்கிய தேசியக் கட்சி பெற்ற வாக்கு வீதம் சுதந்திரக் கட்சியினதிலும் சற்றுக் கூடியதே. இடங்களோ முன்னதற்குப் பதினேழு, பின்னதற்குத் தொண்ணூற்றொன்று. அப்பெரும்பான்மையின் துணைகொண்டு 1972 மே 22 இற் குடியரசு அரசியலமைப்பு நிறைவேறியது. தமிழரசுக் கட்சியின் சமஷ்டித் திருத்தம் ஏற்கப்படவில்லை.

அதற்கு எட்டு நாள் முன்னர், மே 14 இல், தமிழர் கட்சிகள் திருகோணமலையிற் கூடித் தமிழர் கூட்டணியை அமைத்தன. 1948 இலே பிரிந்த தமிழ்க் காங்கிரசும் தமிழரசும் ஒரு மேடையில் அமர்ந்தன; தொண்டமான் அவர்களின் தொழிலாளர் காங்கிரசும் உடனிருந்தது. முதல் மாநாட்டைக் கண்ட நகரமே இம்மீளிணைப்பையும் கண்டது.

அவ்வாண்டு ஒற்றோபரிற் செல்வநாயகம் தம் பாராளுமன்ற இடத்தைத் துறந்து, புதிய அரசியலமைப்பைத் தமிழ் மக்கள் ஏற்றனரா என்பதை இடைத்தேர்தலில் அறியுமாறு அரசை அறைகூவினார். அரசு அத்தேர்தலை நடத்தியது இரண்டாண்டு கடந்து, 1975 பெப்ரவரி 6 இலே. அவர் 25,927 வாக்கும், எதிர்த்து நின்ற வி. பொன்னம்பலம் 9,457 வாக்கும் பெற்றனர். 1976 மே 14 இல் வட்டுக்கோட்டையிலே தனியரசுத் தீர்மானம் அவர் தலைமையில் நிறைவேறியது. ஆறாண்டின் முன் பிரிவினையை மறுத்த கட்சி அதனையே குறிக்கோளாகக் கொண்டது. அவர் விரும்பிச் சென்ற வழியாக அது எனக்குத் தோன்றவில்லை. தாம் தட்டிய கதவுகள் ஒவ்வொன்றாக அடைபட்ட பின் எஞ்சிய வழியாகவே தோன்றுகின்றது. அடுத்த தலைமுறை அறவழியை விட்டு ஆயுதம் ஏந்தியதும், நாடு முப்பதாண்டு குருதி சிந்தியதும் அவர் காணாதவை. 1977 ஏப்ரல் 26 ஆம் நாள், தம் எழுபத்தொன்பதாம் வயதிலே, அவர் காலமானார்.

நமக்கு எஞ்சிய பாடம்

1978 அரசியலமைப்போடு விகிதாசாரத் தேர்தல் முறை வந்தது. சேனாநாயக்காவும் பண்டாரநாயக்காவும் நிறுவிய இரு பெருங் கட்சிகளும் பழைய வலிமையை இழந்தன. 2024 ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலிலே தேசிய மக்கள் சக்தி 159 இடங்களையும் தமிழரசுக் கட்சி எட்டு இடங்களையும் பெற்றன. 1970 இன் பாடம், மாறிய முறையின் கீழும் திரும்ப வந்தது.

அதே ஆண்டு சனவரியிலே தமிழரசுக் கட்சித் தலைவரைத் தெரியும் வாக்கெடுப்பு இந்நகரில் நடந்தது. தொடர்ந்து பெப்ரவரியில் இங்குக் கூடவிருந்த மாநாடோ நீதிமன்றத் தடையால் நின்றது. 1951 இல் எந்நகரிலே கட்சி தன் கொள்கையை உலகறியச் சொன்னதோ, அந்நகரிலே அது தன் வீட்டு வழக்கை நீதிபதி முன் வைக்க நேர்ந்தது. எக்குழுவினர் பக்கம் நியாயம் உண்டென்று கூற நான் முற்படவில்லை. கட்சி என்பது கொள்கை, கிளை, விதி, நம்பிக்கை என்னும் நான்கு தூண்களால் ஆய மண்டபம். இவற்றுள் நம்பிக்கை தளரின், விதியை மாத்திரம் பற்றி நின்று பயனில்லை.

செல்வநாயகம் பெற்றவற்றை எண்ணின் கைவிரல்கள் மிகுதி. இரு உடன்படிக்கைகள், இரண்டும் நிறைவேறவில்லை. எனினும், அவர் ஒப்பமிட்ட தாளிலே எழுதியவை பின்னர் வந்த ஒவ்வொரு தீர்வுத் திட்டத்திலும் தலைகாட்டுகின்றன. 1987 இற் பிறந்த மாகாண சபைகளும் அவ்வித்தின் முளைகளே. அரசறிவியல் பயிலும் மாணாக்கர் அவரது வாழ்வை வெற்றி தோல்விக் கணக்காக மட்டும் படியாது, 1957 இலும் 1965 இலும் அவர் எதனைக் கேட்டார், எதனை விட்டுக்கொடுத்தார், யாரை உடன்படுத்தாது விட்டார் என வரிசையாக எழுதிப் பார்ப்பாராக. இனியொரு முறை பேச்சுவார்த்தை மேசையிலே அமரும் தமிழ்ப் பிரதிநிதி எவராயினும், ஆளுங்கட்சியின் ஒப்பத்தோடு எதிர்க்கட்சியின் ஒப்பத்தையும், தம்மோடு வாழும் முஸ்லிம் மக்களின் ஒப்பத்தையும் முன்கூட்டியே பெற முயல வேண்டும் என்பது அவ்வரிசையைப் படித்தோர்க்கு விளங்கும்.